யாருக்கான நிழல்?

போன வருஷம் எங்கள் தாமான் வீட்டின் பக்கவாட்டு நிலத்தில் காய்கறி போட்டேன். வரிசையில் கடைசி வீடு என்பதால் பத்தடி அகலத்துக்கு மண் கிடைத்திருந்தது. வெண்டை, கத்தரி, தண்டுக்கீரை, ஓரமாக ஒரு வெற்றிலைக் கொடி. காலையில் எல்லாம் நன்றாகத்தான் நிற்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் மேற்கு வெயில் சுவரில் அடித்துத் திரும்பும்போது கீரை ஈரத்துணி மாதிரி தொங்கிவிடும். முதலில் போனது வெற்றிலைதான். இலை வெளிறி, ஓரம் கருகி, மூன்றே வாரத்தில் கொடி வெறும் நாராக நின்றது.

ஹார்ட்வேர் கடையில் கறுப்பு வலை வாங்கி வந்து நாலு கம்பு நட்டுக் கட்டினேன். பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாடி இது, மீன் புடிக்கப் போறியா?"

"வெயிலுக்குப் பாட்டி."

"வெயிலுக்கு வலையா? அகத்தி நடணும்டி. எங்கம்மா ஊர்ல வெத்தல போடுறதுக்கு முன்னாடி அகத்தியத்தான் வெதைப்பாங்களாம். நெழலு வந்தப்புறந்தான் கொடியே வரும்."

பாட்டிக்கு எண்பத்தெட்டு வயது. அவருடைய அம்மா குளித்தலைப் பக்கத்திலிருந்து 1930களில் கப்பலேறி வந்தவர். காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால்கள் நிறைந்த பகுதி அது. கொடிக்கால் அவர்களுடையது அல்ல. அங்கேயும் கூலிதான். ஆனால் வேலை தெரியும். பாட்டி தன் அம்மாவிடம் கேட்டதை எனக்குச் சொன்னார். முதலில் பாத்தி எடுத்து அகத்தி விதைப்பார்கள். அது ஆளுயரம் வளர்ந்த பிறகு அதன் காலடியில் வெற்றிலைக் கொடியைப் பதியம் போடுவார்கள். கொடி அகத்தியைப் பற்றிக்கொண்டு ஏறும். அகத்தி ரொம்ப உயர்ந்துவிட்டால் தலையைக் கிள்ளுவார்கள். நிழல் அடர்த்தியானால் பக்கக் கிளைகளைக் கழிப்பார்கள். கழித்த தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகும். அகத்தி பயறு இனத்து மரம். காற்றிலிருக்கும் நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். பந்தல், குடை, உரம் மூன்றும் ஒரே மரம்.

அன்று ராத்திரி எனக்குள் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது. நிழலைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனிதர்கள் கப்பலேறி வந்து இறங்கிய இடத்தில் அந்த அறிவு என்ன ஆனது? அதைத் தேடிப் போனபோது மலாயாத் தோட்டங்களின் வரலாற்றை வெயிலையும் நிழலையும் வைத்தே ஒருமுறை சொல்லிப் பார்க்க முடியும் என்று தோன்றியது.

காடு திறந்த கதை

மலேசியத் தமிழில் 'தோட்டம்' என்றால் யாரும் கத்தரிச் செடியை நினைப்பதில்லை. "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டால் அது ஆயிரம் ஏக்கரைப் பற்றிய கேள்வி. பிறந்த இடத்தை, படித்த பள்ளியை, சில சமயம் சாதியைக்கூட விசாரிக்கும் கேள்வி. கொடிக்காலுக்கும் எஸ்டேட்டுக்கும் சேர்த்து ஒரே சொல்லை நாம் வைத்துக்கொண்டோம். ஆனால் இரண்டும் வெயிலை ஒரே மாதிரி கையாளவில்லை.

கதை ரப்பரில் தொடங்குவதில்லை, காப்பியில் தொடங்குகிறது. அராபிகா காப்பி எத்தியோப்பியக் காடுகளில் பெரிய மரங்களின் அடியில் வளர்ந்த சிறு மரம். நிழல் அதற்குப் பிறந்த வீடு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் காப்பி போட்ட வெள்ளைக்காரத் துரைமார் மேற்கிந்தியத் தீவுகளில் கற்ற முறையைக் கொண்டுவந்தார்கள். காட்டை முழுசாக வெட்டி, எரித்து, பெரும்பாலும் திறந்த வெயிலில் காப்பி நட்டார்கள். வெயில் கூடினால் காய் கூடும் என்பது கணக்கு. சில வருஷங்களுக்கு அந்தக் கணக்கு சரியாகவும் இருந்தது.

குடகில் அந்தக் கணக்கு பிசகியது. 1860களில் தண்டு துளைக்கும் ஒரு வண்டு அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. மதராஸ் அரசாங்கம் ஜார்ஜ் பிடீ என்ற மருத்துவரை ஆராய அனுப்பியது. அவருடைய அறிக்கை 1869இல் வெளிவந்தது. அந்த வண்டு வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடுவதை விரும்புகிறது. நிழலுள்ள தோட்டங்கள் தப்பிக்கின்றன, காட்டை மொட்டையடித்த தோட்டங்கள் சாகின்றன. குடகில் இன்றும் காப்பிக்கு மேலே பெரிய மரங்கள் நிற்பதற்குப் பின்னால் இந்த அடியும் இருக்கிறது. காட்டு மரத்தை வெட்டி லாபம் பார்த்தவர்கள், நஷ்டப்பட்ட பிறகு நிழல் மரம் நட்டார்கள்.

அதே 1869இல் இலங்கையில் காப்பி இலைத் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது வருஷத்துக்குள் அங்கே காப்பி விழுந்து தேயிலை எழுந்தது. காப்பியில் நொடித்துப்போன துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காடு வெட்டவும் செடி நடவும் தமிழர்கள் வந்தார்கள். சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான் தாழ்நிலங்களில் சூட்டைத் தாங்கக்கூடிய லைபீரியக் காப்பி போடப்பட்டது. 1890களில் இந்த நாட்டின் 'தோட்டம்' பெரும்பாலும் காப்பித் தோட்டம்தான்.

ஜாவாவில் காப்பிக்கு நிழலாக டடாப் மரம் நடுவது பழைய வழக்கம். மலாயில் டெடாப். நம்முடைய கல்யாண முருங்கையின் நெருங்கிய சொந்தம் அது. கிளையை வெட்டி மண்ணில் குத்தினால் துளிர்க்கும். அதனால்தான் கல்யாணத்தில் அரசாணிக்காலாக அதன் கொம்பை நடுகிறோம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மிளகுக்கொடி ஏற்றுவதும் இதில்தான். குளித்தலைக்காரர் அகத்தியை வைத்துச் செய்ததை ஜாவாக்காரர் டடாப்பை வைத்துச் செய்தார். ஒருவரை ஒருவர் பார்க்காமலே இரண்டு விவசாயிகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்: முதலில் நிழல், பிறகு பயிர்.

துரைமார் பேச்சில் ஒரு சொல் அடிக்கடி வரும். காட்டை வெட்டித் தோட்டம் போடுவதை அவர்கள் 'திறப்பது' என்பார்கள். இத்தனை ஏக்கர் திறந்தாயிற்று, அடுத்த வருஷம் இத்தனை திறக்கவேண்டும். நான் முதலில் அதைச் சாதாரணமாகத்தான் படித்தேன். பிறகுதான் அந்தச் சொல் எவ்வளவு துல்லியமானது என்று புரிந்தது. வானத்துக்குத் திறந்துவிடுவது. வெயிலுக்குத் திறந்துவிடுவது. யாரை எதற்குத் திறந்துவிட்டார்கள் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இடையில் நட்ட மரம்

1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சில சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டன, சில கோலகங்சாருக்குப் போயின. பல வருஷம் அவற்றை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1888இல் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி பார்க்கிற துரைமாரிடமெல்லாம் ரப்பர் விதையை நீட்டிக்கொண்டிருந்தார். காப்பி நல்ல விலைக்குப் போகும்போது யார் அதைக் கேட்பார்கள்?

1890களின் பிற்பாதியில் பிரேசில் காப்பி சந்தையை நிறைத்தது. விலை விழுந்தது. மலாயாவில் புழுக்களும் காப்பி இலையைத் தின்றன. அதற்குள் சிலர் காப்பி நிரைகளுக்கு இடையில் ரப்பரை நட்டுவைத்திருந்தார்கள். காஜாங்கின் இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் அப்படி ஆரம்பித்தவர்கள். மலாக்காவில் டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் போட்டார். காப்பிக்கு நடுவில் விருந்தாளி மாதிரி வந்து நின்ற மரம், காப்பி செத்த பிறகு வீட்டையே எடுத்துக்கொண்டது. 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டபோது காப்பி இருந்த சுவடு பல இடங்களில் இல்லை.

ரப்பருக்குத் தனியாக நிழல் மரம் தேவையில்லை. ஐந்தாறு வருஷத்தில் கொப்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். உள்ளே பகலிலும் மங்கிய பச்சை வெளிச்சம்தான். நம் எழுத்தில் வரும் ரப்பர்க் காட்டு நிழல் இதுதான். எங்கள் வீட்டிலும் எல்லாரும் ஏக்கத்தோடு சொல்வது இதைத்தான்: "கித்தா காட்டுக்குள்ள ஏசி மாரி இருக்கும்."

ஆனால் அந்த நிழல் வருவதற்கு முந்தைய வருஷங்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. காடு எரிந்த நிலத்தில் கன்று இடுப்பளவு நிற்கும்போது மேலே ஒன்றும் கிடையாது. 1920கள் வரை துரைமாருக்கு ஒரு வெறி இருந்தது. தோட்டத்தில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது. மண் துடைத்துவிட்ட மாதிரி தெரியவேண்டும். அதுதான் நல்ல நிர்வாகத்தின் அடையாளம். அந்தச் சுத்தத்தைக் கொண்டுவந்தது பெரும்பாலும் பெண்களின் கை. 'புல்லு வெட்டு' என்று நம் பாட்டிமார் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப்போகும் வேலை. நிழலே இல்லாத நிலத்தில், நிழல் தரக்கூடிய கடைசிப் புல்லையும் தன் கையால் எடுப்பது.

அதன் விளைவை மழை காட்டியது. மூடாத மண் வெயிலில் காய்ந்து, பெருமழையில் கரைந்து, மேல்மண் முழுக்க ஆற்றுக்குப் போனது. இருபதுகளிலும் முப்பதுகளிலும்தான் மெல்ல மனம் மாறினார்கள். பியூரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா என்று பயறு இனத்துக் கொடிகளை இளம் ரப்பருக்கு இடையில் படரவிட்டார்கள். அவை மண்ணுக்கு நிழல், மண்ணுக்கு உரம். கொடிக்காலில் அகத்தி செய்த அதே வேலை, இப்போது விஞ்ஞானத்தின் பெயரில். கொடிக்காலில் வேலை செய்த ஒருத்தியிடம் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

மூன்று வகை நிழல்களை இதுவரை சொல்லியிருக்கிறேன். காப்பிக்கு டடாப். ரப்பருக்கு ரப்பரே. மண்ணுக்குக் கொடி. மூன்றும் பயிரைக் காப்பாற்ற நடப்பட்டவை. நிரை பிடித்து நின்ற ஆளுக்கும் கொஞ்சம் நிழல் கிடைத்தது உண்மை. ஆனால் அது கணக்கில் வராத நிழல்.

கண்ணாடி மாதிரித் தண்ணி

இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் இனிமேல்தான் வருகிறது.

பாட்டிக்கு ஒரு அண்ணன் இருந்தார். எங்கள் வீட்டில் அவருக்குப் படம் கிடையாது, திவசம் கிடையாது. பேச்சுவாக்கில் வருவார். "எங்கண்ணன் இருந்தா" என்று பாட்டி ஆரம்பித்து நிறுத்திவிடுவார். உலு லங்காட் பக்கத்து மலைத் தோட்டம் ஒன்றில், ஜப்பான்காரன் காலத்தில், பதினோரு வயதில் காய்ச்சலில் போனவர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் வந்து கட்டிலை ஆட்டும் என்று பாட்டி சொல்வார். கொய்னா கிடைக்காத காலம்.

அந்தத் தோட்டத்தைப் பற்றிப் பாட்டி பெருமையாகச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். லயத்துக்குப் பின்னால் ஓடிய சிற்றோடை. "தண்ணி கண்ணாடி மாரி இருக்கும்டி. அடியில கெடக்கிற கல்லு தெரியும். வெயிலு பட்டு மின்னும். அதுலதான் குளிப்போம், அதுலதான் தொவைப்போம். இப்ப எங்க இருக்கு அந்த மாரி தண்ணி?"

மால்கம் வாட்சன் என்ற பெயரை நான் அப்போது கேள்விப்பட்டிருக்கவில்லை. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றுக்குள் வளர்வதை ரொனால்ட் ராஸ் 1897இல் செக்கந்தராபாத்தில் கண்டார். நாலே வருஷம் கழித்து, 1901இல், வாட்சன் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தார். நான் இப்போது குடியிருக்கும் அதே கிள்ளான். அதே வருஷம் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் ஆட்கள் காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தார்கள். வாட்சன் ஊரைச் சுற்றியிருந்த சதுப்புக் காட்டை வெட்டவைத்தார், அலூர் தோண்டித் தண்ணீரை வடியவைத்தார். காய்ச்சல் வேகமாகக் குறைந்தது. இங்கே மலேரியா பரப்பிய கொசு அனாஃபிலிஸ் அம்ப்ரோசஸ். காட்டு நிழலில் தேங்கிய கலங்கல் தண்ணீரில் முட்டையிடுவது. நிழலை எடுத்தால் அது போய்விடும்.

கடற்கரைச் சமவெளியில் வெற்றி பெற்ற அந்தப் பாடத்தை எல்லாரும் மலைக்கு எடுத்துப் போனார்கள். மலைத் தோட்டங்களில் பள்ளத்து ஓடைகளை மூடியிருந்த காடும் புதரும் வெட்டப்பட்டன. ஓடை வெயிலுக்குத் திறந்தது. ஆனால் காய்ச்சல் குறையவில்லை, கூடியது. வாட்சனைத் திகைக்கவைத்த இடம் இதுதான். தேடிப் பார்த்தபோது மலையில் இருந்தது வேறு கொசு. அனாஃபிலிஸ் மாக்குலாட்டஸ். அதற்கு நிழல் பிடிக்காது. வெயில் படுகிற, மெல்ல ஓடுகிற, தெளிந்த தண்ணீர்தான் அதற்குத் தொட்டில். காடு மூடியிருந்தவரை அது அங்கே பெருகவில்லை. தோட்டம் 'திறந்த' பிறகுதான் பெருகியது. 1910ஐ ஒட்டிய வருஷங்களில் வருஷத்துக்கு ஆயிரம் பேரில் நூறு பேருக்கு மேல் இறந்த மலைத் தோட்டங்கள் இருந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கிய தமிழர்கள்.

அந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணி. வெயிலு பட்டு மின்னும்.

எந்தக் கொசு அந்தப் பையனைக் கடித்தது என்று நான் நிரூபிக்க முடியாது. ஆனால் மலைத் தோட்டம், காடு வெட்டித் திறந்த பள்ளம், வெயிலில் மின்னும் ஓடை, லயத்துக்கு நூறடி தூரம். எல்லாம் வாட்சன் எழுதியதோடு பொருந்துகிறது. சண்டைக்கு முந்திய வருஷங்களில் இதைக் கட்டுப்படுத்தத் தெரிந்தே இருந்தது. ஓடையைக் குழாயில் விட்டு மண்ணுக்கடியில் ஓடவைப்பது, அலூரில் வாரம் தவறாமல் எண்ணெய் அடிப்பது. ஜப்பானியர் ஆட்சியில் அந்த வேலைகள் நின்றுபோயின. குழாய் அடைத்துக்கொண்டது, எண்ணெய் இல்லை, கொய்னா இல்லை. மலேரியா திரும்பி வந்தது.

இன்னொரு வழியும் இருந்தது. ஓடையை மறுபடியும் புதர் மூடவிட்டால் மாக்குலாட்டஸ் விலகுகிறது என்று கண்டவர்கள் இருந்தார்கள். நிழலையே மருந்தாக வைத்து மலாயாவிலும் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் செய்து பார்த்தார்கள். ஓடைக் கரையில் அடர்ந்த செடி வைத்துத் தண்ணீரை வெயிலிலிருந்து மறைப்பது. எண்ணெய் தீர்ந்துபோகும், குழாய் அடைக்கும், செடி தானாக வளரும். ஆனால் அதிலும் அளவு வேண்டும். தண்ணீர் ஓட்டம் நின்று குட்டையாகிவிட்டால் நிழல் விரும்பும் கொசு வந்து உட்கார்ந்துவிடும். இடத்தைப் பார்க்கவேண்டும், தண்ணீரைப் பார்க்கவேண்டும், எந்தக் கொசு என்று பார்க்கவேண்டும். 'நிழல் நல்லது' என்றோ 'வெளிச்சம் நல்லது' என்றோ ஒரே வாக்கியத்தில் முடிகிற விஷயமில்லை.

இதைப் பாட்டியிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அவரிடம் அந்தத் தோட்டத்திலிருந்து மிஞ்சியிருக்கும் ஒரே அழகான ஞாபகம் அது. கடைசியில் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அப்ப தொரைமாருக்குத் தெரியுமா?"

"தெரியும் பாட்டி. முப்பது வருஷத்துக்கு முன்னாடியே புஸ்தகம் எழுதிட்டாங்க."

"எங்களுக்கு ஏன் யாரும் சொல்லல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வாட்சனின் புத்தகம் 1911இல் வந்தது. அதைப் படிக்கவேண்டிய ஆள் துரை, டாக்டர், கம்பெனி டைரக்டர். ஓடையில் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவள் அந்தப் புத்தகத்தில் ஒரு எண்ணாக இருந்தாள். வாட்சனைக் குறை சொல்லவில்லை. அவரால் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், அதில் நம் முன்னோர்களும் உண்டு. ஆனால் அறிவு எந்தத் திசையில் பாய்ந்தது என்று பார்க்கவேண்டியிருக்கிறது. கொடிக்கால்காரியின் நிழலறிவு மேலே போகவில்லை. டாக்டரின் நிழலறிவு கீழே வரவில்லை. நடுவில் பதினோரு வயதுப் பையன் ஒருவன் குளித்துக்கொண்டிருந்தான்.

ஏக்கத்தின் நிழல்

தோட்டத்தைப் பற்றி எழுத வரும் என் வயதுக்காரர்களிடம் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. அதில் நானும் சேர்த்தி. நம்மில் பலர் தோட்டத்தில் வாழ்ந்ததே இல்லை. தாமானிலும் அடுக்குமாடியிலும் வளர்ந்தவர்கள். தோட்டம் நமக்குப் பெரியவர்கள் சொன்ன கதையாக வந்தது. அதனால் நாம் எழுதும்போது அங்கே எப்போதும் குளிர்ச்சி, எப்போதும் பச்சை, ஓடையில் தெளிந்த தண்ணீர். அதற்கு எதிராக இன்றைய சிமெண்டு. நானே அப்படி இரண்டு கவிதை எழுதியிருக்கிறேன். இப்போது எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்தப் பச்சைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ரப்பர்க் காட்டின் நிழலில்கூட முதலில் இருந்தது பாலின் கணக்குதான். விடியுமுன்னே பெரட்டுக்கு நின்று இருட்டில் மரம் வெட்டப் போனது குளிர்ச்சியை அனுபவிக்க இல்லை. காற்று குளிர்ந்திருக்கும்போது மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் வடிவது குறையும். வருஷத்தின் தொடக்கத்தில் ரப்பர் இலை உதிர்க்கும்போது அந்த நிழலும் போய்விடும். பாலும் குறையும், சம்பளமும் குறையும். லயத்தைச் சுற்றி மரம் இருந்ததா என்று பாட்டியைக் கேட்டேன். "எங்க விட்டாங்க? வாழ வெச்சா கொசு வரும்னு டிரெஸ்ஸர் வெட்டச் சொல்லிருவாரு. தகரக் கூரைதான். மத்தியானம் உள்ள இருக்க முடியாது. மாரியம்மன் கோயில் மரத்தடியிலதான் போயி ஒக்காருவோம்."

அந்தக் கோயில் மரம் மட்டும்தான் அவர்களுக்காக நின்ற மரம் என்று நினைக்கிறேன். லாபக் கணக்கு எதிலும் வராத, யாரும் வெட்டத் துணியாத மரம். நம் ஆட்கள் தோட்டந்தோறும் ஒரு மரத்தடியில் கல்லை நட்டுக் கும்பிட்டதில் பக்தியோடு வேறொரு கணக்கும் இருந்திருக்கலாம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. சாமி உட்கார்ந்தால்தான் மரம் நிற்கும். மரம் நின்றால்தான் மனிதன் உட்காரலாம்.

மேற்குப் பக்கம்

மார்ச் மாதம் அகத்தி விதை போட்டேன். பாட்டி நாற்காலியில் இருந்தபடியே இடம் காட்டினார். "கெழக்கால வேணாம். காலை வெயிலு செடிக்கு வேணும். மேக்கால நடு. சுவத்த ஒட்டி நடாத, ஓனானுக்கு வழி விட்ட மாரி ஒரு முழம் தள்ளு." இடைவெளி விட்டு ஆறு விதை. நாலு முளைத்தது. அது வளர்கிற வேகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆறு மாதத்தில் என் தலைக்கு மேலே போய்விட்டது. இலை சின்னச் சின்னதாக இருப்பதால் நிழல் கறுப்பாக விழுவதில்லை. சல்லடையில் சலித்த மாதிரி விழுகிறது. வலையைக் கழற்றி எடுத்தேன். பழைய வெற்றிலை போய்விட்டது. புதிதாக ஒரு கொடி வைத்தேன். அது இரண்டாவது அகத்தியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது.

மழைக்காலம் வருவதற்கு முன்னால் கிளை கழிக்கச் சொன்னார் பாட்டி. எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு கஷ்டப்பட்டு வந்த நிழல். "வெட்டுடி. வெயிலுக்கு ஒரு நெழலு, மழைக்கு ஒரு நெழலு. அப்படியே விட்டா கீழ பூஞ்சணம் புடிக்கும். நெழல வளக்கத் தெரிஞ்சா மட்டும் பத்தாது, கொறைக்கவும் தெரியணும்." வாட்சன் இருபது வருஷம் அலைந்து கற்றுக்கொண்டதற்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது அந்தப் பேச்சு.

வெட்டிய கிளைகளை வேலியோரம் போட்டபோது பக்கத்து வீட்டு மக்சிக் எட்டிப் பார்த்தார். "இது தூரிதானே?" என்று கேட்டார். அவருடைய அம்மா ஜாவாவிலிருந்து வந்தவராம். பூவை அவித்துப் பெச்செலில் போடுவாராம். முப்பது வருஷமாகச் சாப்பிடவில்லை என்றார். இருந்த பூவையெல்லாம் பறித்துக் கொடுத்தேன். மறுநாள் ஒரு தட்டுப் பெச்செல் வேலிக்கு மேலே வந்தது. பாட்டி பூவை மட்டும் எடுத்துத் தின்று பார்த்து, "கசப்ப எடுத்துட்டா, கெட்டிக்காரி" என்றார்.

இப்போது சாயங்காலம் பாட்டியின் நாற்காலியை அகத்திக்குக் கீழே போடுகிறேன். நாலு மணி வெயில் அவர் மடியில் புள்ளி புள்ளியாக விழுகிறது. போன வாரம் அவராகவே சொன்னார், அண்ணன் பெயர் முனியாண்டி என்று. எங்கள் வீட்டில் யாருக்கும் அதுவரை அந்தப் பெயர் தெரியாது.